ஐப்பசியில் ஆட்டிய எண்ணெய்: குழித்துறைப் பக்கத்து அடுக்களை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அந்த வீட்டில் இரண்டு தேங்காய் எண்ணெய் இருந்தது. ஒன்று சித்திரையில் ஆட்டியது, மற்றது ஐப்பசியில் ஆட்டியது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு அடுப்பு மூட்டியபோது சித்திரை எண்ணெய் மணமாகவே இருந்தது. ஐப்பசி எண்ணெய்தான் கெட்டுப் போயிருந்தது. நாள்பட்டால்தான் எண்ணெய் கெடும் என்று நம்பியிருந்த வீட்டார் யாருக்கும் இது பிடிபடவில்லை. எட்டு மாதம் ஆனது நன்றாக இருக்க, இரண்டு மாதத்துக்குள் ஒன்று காறியது ஏன் என்று தேடிப் போனதன் விவரம் இது.

வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் இருக்கிறது. என் பெரியப்பா மகன் குடும்பம்: அண்ணன், அவர் மனைவியான மைனி, பிள்ளைகள், அண்ணனின் அம்மாவான பெரியம்மை. நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறவள். அதனால் பலகாரம் கெட்டதும் எனக்குத்தான் ஆள் வந்தது.

எங்கள் பக்கத்து அடுக்களையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய 4 தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எல்லைக் கோடு மாறினாலும் எங்கள் மேற்குப் பக்கத்துச் சமையல் மாறவில்லை. தீயல், அவியல், மீன் பொரிப்பது, ஏத்தங்காய் சிப்ஸ் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். வீட்டுத் தேங்காயை வெட்டிக் காயவைத்து, கொப்பரையை மில்லில் கொடுத்து ஆட்டி எடுத்துக்கொள்வார்கள். கடை எண்ணெயை வாங்குவதைக் கௌரவக் குறைவாக நினைக்கும் பெரியம்மைமார் இன்றும் இருக்கிறார்கள். வீட்டு எண்ணெயில் கலப்படம் கிடையாது, உண்மைதான். ஆனால் அதைக் காப்பாற்றும் பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. கம்பெனி எண்ணெயில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க டிபிஎச்கியூ என்ற பொருளைக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. சிலர் பாக்கெட்டுக்குள் நைட்ரஜன் அடைக்கிறார்கள். நம் வீட்டுப் பரணிக்குள் (எண்ணெய் ஜாடிக்குள்) அதெல்லாம் இல்லை.

நடந்தது இதுதான். முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் தேங்காய்ப்பூவும் எள்ளும் சேர்த்து உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் முக்கிப் பொரித்தார்கள். பார்க்க எந்தக் குறையும் இல்லை. வாயில் போட்டதும் முதலில் கருப்பட்டி இனிப்பு தெரியும். விழுங்கிய பிறகுதான் நாக்கின் அடியில் சவுக்காரத்தை நக்கிய சுவை வரும், தொண்டை கரகரக்கும். சின்னவன் துப்பிவிட்டான். அண்ணன் இரண்டு தின்றுவிட்டு வெறுந்தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தார்.

“மக்களே, எண்ணெயில வந்த கேடு இல்ல இது. பயறு வறுவு பத்தாது. எண்ணெ இப்பம் ஆட்டினதுதான?” என்றார் பெரியம்மை. அண்ணன் மில்லைச் சந்தேகப்பட்டார்: வேறு யாருடைய பழைய கொப்பரையையோ கலந்து ஆட்டியிருப்பார்கள் என்றார். மைனி மட்டும் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார். வழக்கமாகப் பொரிக்கும் தீயிலேயே இந்த எண்ணெய் சீக்கிரம் புகைந்தது, கண் எரிந்தது.

அந்தப் புகைதான் முதல் துப்பு. எண்ணெயில் தனித்த கொழுப்பு அமிலம் கூடும்போது அது புகையத் தொடங்கும் வெப்பநிலை இறங்கிவிடும். ஆனாலும் பயறை விட்டுவிட முடியாது. அதனால் ஐப்பசி எண்ணெயில் வெறும் அப்பளம் பொரித்துப் பார்த்தோம். அதே சவுக்காரச் சுவை. அதே அப்பளக் கட்டிலிருந்து எடுத்ததைச் சித்திரை எண்ணெயில் பொரித்தபோது எந்தக் கேடும் இல்லை. பயறும் கருப்பட்டியும் இத்தோடு விடுபட்டன. மில்லைப் பற்றிய சந்தேகம் தீர இன்னொரு வீடு உதவியது. மேலே ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீட்டுக்காரர்கள் அதே மில்லில், அதே வாரத்தில் ஆட்டியிருந்தார்கள். அவர்கள் எண்ணெய் நன்றாக இருந்தது. அவர்கள் கொப்பரையை வெயிலை நம்பாமல், ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூட்டில் வைத்துக் காயவைத்திருந்தார்கள். எண்ணெயில் லேசான புகை மணம் இருந்தது, காறல் இல்லை.

அப்படியானால் மில்லுக்குப் போகும் முன்பே ஏதோ நடந்திருக்கிறது.

கொப்பரை

மில்லுக்குக் கொண்டுபோனது போக மீந்த கொப்பரை கொஞ்சம் சாக்கில் கிடந்தது. அதில் ஒரு முறியைக் கையில் எடுத்து ஒடித்தேன். நன்றாகக் காய்ந்த கொப்பரை சட்டென்று சத்தத்தோடு முறியும். இது வளைந்து, பிறகு கிழிந்தது. முறிந்த இடத்தில் ஓரம் மஞ்சளாகக் காய்ந்திருந்தது, நடுப்பகுதி வெள்ளையாக, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும்படி இருந்தது. குழிவான உட்பக்கத்தில் பச்சைத் தூள் படிந்திருந்தது. விரலால் தடவினால் மாவு போல ஒட்டியது. ஒன்றிரண்டில் மஞ்சள் கலந்த பச்சை. பூசணம்.

பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது 6 சதவீதம் அளவுக்கு இறங்கினால்தான் கொப்பரை தங்கும், அதிலிருந்து வரும் எண்ணெயும் தங்கும். கணக்குப் போட்டால் 1 கிலோ பச்சைப் பருப்பு காய்ந்து 530 கிராமுக்கு வந்திருக்க வேண்டும். 570 கிராமிலேயே நிறுத்திவிட்டால் இன்னும் 12 சதவீதம் ஈரம் இருக்கிறது என்று பொருள். கிலோவுக்கு வெறும் 40 கிராம்தான் வித்தியாசம். கையில் தூக்கினால் தெரியாது, தராசில் வைத்தால் தெரியும். ஆனால் பூசணம் பிடிப்பதும் பிடிக்காததும் அந்த 40 கிராமில் இருக்கிறது.

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அந்த இடைவெளியில் கிடைத்த வெயிலில் அண்ணன் மொட்டை மாடியில் தேங்காயைப் பரப்பியிருந்தார். மழை வரும்போதெல்லாம் தார்ப்பாயால் மூடினார். மூடியதுதான் கெடுத்தது. பாதி காய்ந்த கொப்பரையின் ஈரம் வெளியே போக வழியில்லாமல் தார்ப்பாய்க்கு அடியில் புழுங்கியது. பூசணத்துக்கு வேண்டிய ஈரமும் சூடும் ஒரே இடத்தில் அமைந்துவிட்டன. காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துக் களங்களில் கொப்பரைத் தொழில் அத்தனை பெரிதாக வளர்ந்ததற்கு அந்த வறண்ட காற்றும் ஒரு காரணம் என்பது அப்போது எனக்கு நன்றாகப் புரிந்தது. நாம் ஆற்றங்கரை ஈரக்காற்றில் இருந்துகொண்டு அவர்களைப் போலவே வெயிலை நம்புகிறோம்.

பூசணம் எண்ணெயை என்ன செய்கிறது என்று பார்ப்போம். கொழுப்பு என்பது கிளிசரால் என்னும் தண்டில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்த கட்டமைப்பு. பூசணம் சுரக்கும் லைபேஸ் என்ற நொதி, தண்ணீரின் துணையோடு அந்த அமிலங்களைத் தண்டிலிருந்து கழற்றிவிடுகிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அது தனியாகக் கழன்றால் நாக்கில் சவுக்காரச் சுவை. கூடவே கழலும் கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்கள் தொண்டையைக் கரகரக்க வைக்கும். முந்திரிக்கொத்தில் வந்தது இதுதான். அதாவது இந்த எண்ணெய் கேனுக்குள் போன பிறகு கெடத் தொடங்கவில்லை. கொப்பரையாக இருந்தபோதே கெடத் தொடங்கி, மில்லிலிருந்து வரும்போதே அமிலத்தோடு வந்திருக்கிறது. ஆட்டிய அன்று மைனிக்கு அது தெரியாமல் போனதற்குக் காரணம், சூடாக வரும் புது எண்ணெயின் தேங்காய் மணம் எதையும் மூடிவிடும்.

இதில் நான் மிகவும் கவலைப்பட்டது அந்த மஞ்சள் பச்சைப் பூசணத்தைப் பார்த்துத்தான். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணத்தின் நிறம் அது. அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கக்கூடியது, கல்லீரலுக்குக் கேடு. அதே கொப்பரையை ஆட்டியதில் கிடைத்த புண்ணாக்கை வீட்டுப் பசுவுக்கு ஊறவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தீவனத்தில் உள்ள அஃப்ளாடாக்சின் வேறு வடிவத்தில் பாலிலும் வரும். அன்றைக்கே புண்ணாக்கை நிறுத்தச் சொன்னேன். பெரியம்மைக்கு வருத்தம்தான், காசு கொடுத்து வாங்கும் தீவனத்தைவிட வீட்டுப் புண்ணாக்கு உசத்தி என்பது அவர் எண்ணம். ஆனால் அந்தப் பாலைக் குடிப்பது அவர் பேரப்பிள்ளைகள் என்றதும் மறு பேச்சு பேசவில்லை.

கேன்

கொப்பரைதான் முதல் காரணம் என்றாலும், கேனுக்கும் பங்கு இருந்தது. கோடையில் ஆட்டிய எண்ணெயை வழக்கம்போல அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, வாயில் வெள்ளைத் துணி கட்டி வெயிலில் வைத்து, தெளிந்த பிறகு பீங்கான் பரணியில் மாற்றியிருந்தார்கள். வெயிலில் வைப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. மில்லிலிருந்து வரும் எண்ணெயில் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்த் துளிகளும் பருப்புத் துணுக்குகளும் மிதக்கும். சூட்டில் எண்ணெய் இளகி, அவை அடியில் மண்டியாக இறங்கும், கொஞ்சம் ஈரம் ஆவியாகும். ஐப்பசியில் வெயில் இல்லை. அதனால் மில்லிலிருந்து வந்த கேனிலேயே விட்டுவிட்டார்கள். அந்தக் கேனும் முந்தின நாள் கழுவியது. உள்ளே காய்ந்ததா என்று யார் பார்த்தார்கள்?

கேனைச் சாய்த்து மேல் எண்ணெயை வடித்த பிறகு அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பழுப்பு மண்டி நின்றது. அதன் கீழே, கேனின் மூலையில், தண்ணீர் தனியாக முத்து முத்தாக உருண்டது. மண்டியில் புரதமும் சர்க்கரையும் இருக்கிறது, கீழே தண்ணீர் இருக்கிறது. நுண்ணுயிர்கள் வாழ இவ்வளவு போதும். கேனுக்குள் மிளகு நாலு போட்டிருந்தார்கள், காறாமல் இருக்குமாம். மிளகால் ஈரக் கொப்பரையின் அமிலத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இன்னொன்றையும் மைனி தயங்கித் தயங்கிச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மீன் பொரித்த எண்ணெயை வடிகட்டி, வீணாக்க மனமில்லாமல் அதே கேனில் திரும்ப ஊற்றியிருக்கிறார். இதை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன்! பொரித்த எண்ணெயில் மீனின் ஈரமும் மாவுத் துகளும் சூட்டில் சிதைந்த பொருள்களும் இருக்கும். ஒரு கரண்டி பழையது ஒரு கேன் புதியதை இழுத்துக்கொண்டு போய்விடும். பொரித்த எண்ணெய் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும், அடுத்த ஒன்றிரண்டு நாளில் தாளிப்பில் தீர்ந்துபோகட்டும். கடைகளுக்கே ஒரு வரம்பு இருக்கிறது: பொரித்த எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள், அதாவது சூட்டில் சிதைந்து உண்டாகும் பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுத்து, எண்ணெய் தேன் போலக் கனத்து, பொரிக்கும்போது நுரை அடங்காமல் நின்றால் அது முடிந்த எண்ணெய்.

நுரை விஷயத்தில் ஒரு சின்ன விலக்கு உண்டு. தேங்காய் எண்ணெயோடு ரேஷன் பாமாயிலையோ கடலை எண்ணெயையோ கலந்து பொரித்தால் இரண்டும் புதிதாக இருந்தாலும் நுரைத்துக்கொண்டு பொங்கும். அது கேடு அல்ல, கலப்பின் குணம். அதைப் பார்த்துப் பயந்து கொட்ட வேண்டாம், அடுத்த முறை கலக்காமல் இருந்தால் போதும்.

பள்ளி ஆய்வகத்தில்

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் சித்திரை எண்ணெய், ஐப்பசி எண்ணெய், ரப்பர் தோட்டத்து வீட்டு எண்ணெய் மூன்றையும் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் விளிம்பு வரை நிரப்பிக் கொண்டுபோனேன். கூடவே அதே அடுக்களையில் அடுப்புக்குப் பக்கத்தில் மாதக்கணக்காகத் திறந்தும் மூடியும் கிடந்த சூரியகாந்தி எண்ணெயையும் எடுத்துக்கொண்டேன். அதை முகர்ந்தால் வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட் வாடை.

சோதனை எளிது. 10 கிராம் எண்ணெயைச் சூடான ஆல்கஹாலில் கலக்கி, ஃபீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து 0.1 நார்மல் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தனித்த அமிலம் எல்லாம் தீர்ந்ததும் இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும். எண்ணெயில் தனித்த அமிலம் எவ்வளவு என்று காட்டும் அளவு அமில எண். தேங்காய் எண்ணெய்க்கு நம் உணவுச் சட்டம் வைத்திருக்கும் அமில எண் வரம்பு 6. மேலே சொன்ன அளவுகளில் ஏறக்குறைய 10.7 மில்லி காரம் செலவானால் அமில எண் 6 என்று கணக்கு. சித்திரை எண்ணெயில் கொஞ்சம் விட்டதுமே சிவப்பு நின்றுவிட்டது. தோட்டத்து வீட்டு எண்ணெயும் வரம்புக்குள் இருந்தது. ஐப்பசி எண்ணெய்க்குக் காரம் போய்க்கொண்டே இருந்தது, வரம்பைத் தாண்டியும் சிவப்பு வந்து வந்து மறைந்தது. பிளஸ் டூ மாணவிகள் சுற்றி நின்று பார்த்தார்கள். பாடப் புத்தகத்தில் நடுநிலையாக்கலைப் படித்துக் கடந்துபோகும் பிள்ளைகள், தங்கள் வீட்டு எண்ணெயைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார்கள். கொண்டுவரச் சொன்னேன்.

உண்மையில் எனக்குக் கற்றுக்கொடுத்தது நாலாவது குப்பி. பெயின்ட் வாடை வீசிய சூரியகாந்தி எண்ணெயில் அமிலம் மிகக் குறைவு! இந்தச் சோதனையின்படி அது நல்ல எண்ணெய். மூக்கு வேறு சொல்கிறது. அதனால் அடுத்த சோதனை: எண்ணெயை அசிட்டிக் அமிலமும் குளோரோஃபார்மும் கலந்த கரைசலில் கரைத்து, பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால், எண்ணெயில் பெராக்சைடு இருந்தால் அயோடின் விடுபட்டு மஞ்சளாகும், மாவுக் கரைசல் விட்டால் நீலமாகும். சூரியகாந்தி கருநீலமாகத் திரண்டது. சித்திரைத் தேங்காய் எண்ணெயில் நீலம் இருந்ததா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

கெடுவது ஒரே வழியில் நடப்பதில்லை என்பதுதான் இதில் வெளிப்பட்டது. இதை நான் எங்கள் ஊர் அடுக்களைகளுக்கெல்லாம் சொல்ல விரும்புகிறேன். தேங்காய் எண்ணெய்க்கும் நெய்க்கும் எதிரி தண்ணீர். சூரியகாந்தி, கடலை, நல்லெண்ணெய்க்கு எதிரி காற்றும் வெளிச்சமும் சூடும்.

காரணம் அவற்றின் கட்டமைப்பில் இருக்கிறது. எண்ணெயின் நிறைவுறாத்தன்மையை அயோடின் எண் என்ற அளவால் சொல்வார்கள். தேங்காய் எண்ணெய்க்கு அது 7.5 முதல் 10 வரைதான். கடலை எண்ணெய்க்கு 85 முதல் 99, நல்லெண்ணெய்க்கு 100க்கு மேல். சூரியகாந்தியும் அந்த வரிசைதான். எண் கூடக் கூட ஆக்சிஜன் வந்து ஒட்டுவதற்கு இடம் கூடுகிறது. ஒட்டிய ஆக்சிஜன் முதலில் பெராக்சைடாகிறது. பெராக்சைடுக்கு வாடை கிடையாது, அதனால் வெகுநாள் ஒன்றும் தெரியாது. அது உடைந்து ஆல்டிஹைடுகளாகும்போதுதான் திடீரென்று பெயின்ட் வாடை, சிக்கு வாடை வருகிறது. போன வாரம் நன்றாக இருந்த எண்ணெய் இந்த வாரம் கெட்டுவிட்டது என்று சொல்வார்கள். உள்ளுக்குள் அது முன்பே தொடங்கிவிட்டது. சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் இந்த வேலை ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் நடக்கும். அடுப்புத் திட்டின் மேல் பாட்டிலை வைப்பது இதனால்தான் தவறு.

மறுபக்கம், கடலை எண்ணெயில் தண்ணீர் பட்டு அமிலம் கழன்றாலும் நாக்குக்கு உடனே தெரியாது. அதிலுள்ள அமிலங்கள் நீளமானவை, மணமோ சுவையோ பெரிதாக இல்லாதவை. தேங்காய் எண்ணெயின் நடுத்தர அமிலங்களும் நெய்யின் குட்டையான பியூட்டிரிக் அமிலமும்தான் கொஞ்சம் கழன்றாலும் காட்டிக்கொடுக்கும். ஈர ஸ்பூன் பட்ட நெய்யில் வரும் புளித்த, வாந்தி போன்ற வாடை பியூட்டிரிக் அமிலத்துடையது.

மைனியின் அலமாரியில் நெய்யும் அப்படித்தான் இருந்தது. வீட்டில் உருக்கிய நெய், ஆனால் அடியில் மோர்த் துணுக்குக் கசடு வடிகட்டாமல் நின்றது. நெய்யில் ஈரம் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தர விதி. உருக்கும்போது சடசடப்பு முழுதாக அடங்கி, கசடு பொன்னிறமாகி, மணம் எழும்பும் வரை காத்திருந்து மெல்லிய துணியில் வடித்தால் அந்த அளவு தானாகவே வரும். முருங்கையிலையோ கறிவேப்பிலையோ போடுவது நல்லதுதான், அவற்றில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. ஆனால் சடசடப்பு அடங்கும் முன் இறக்கிய நெய்யை எந்த இலையும் காப்பாற்றாது. நெய் மணல் மணலாக உறைவதும், மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிப்போவதும், பாமாயில் அடியில் பாலாகத் திரள்வதும் கேட்டின் அடையாளம் அல்ல. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி அளவில் உறையும், குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து விடியற்காலைகளில் அது இயல்பு.

நல்லெண்ணெய் மட்டும் ஆச்சரியம். வெளிச்சம் படும் சன்னல் திட்டில், கண்ணாடி பாட்டிலில் வைத்திருந்தும் அது தாக்குப்பிடித்தது. எள்ளில் உள்ள செசமால் போன்ற பொருள்கள் இயற்கையிலேயே ஆக்சிஜனைத் தடுப்பவை. அதற்காகச் சன்னலில் வைக்கலாம் என்று அர்த்தமில்லை. பாட்டிலின் கழுத்தில் பிசின் போல ஒட்டத் தொடங்கியிருந்தது.

கையும் மூக்கும்

ஆய்வகம் இல்லாத வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று மைனி கேட்டார். முதலில் மூடியை முகரச் சொன்னேன். மூடியின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிந்த எண்ணெய் காற்றோடு அதிகம் உறவாடுவதால், பாட்டிலுக்குள் இருப்பதைவிட முன்னதாகக் கெடும். அங்கே வாடை வந்தால் உள்ளே வரப்போகிறது. கழுத்தில் பிசுபிசுப்பு பிசினாகியிருந்தால் அது காற்றால் வந்த கேடு. தேங்காய் எண்ணெய் இப்படிப் பிசினாகாது, அதனால் அதை இந்த வழியில் கண்டுபிடிக்க முடியாது.

தேங்காய் எண்ணெய்க்குச் செய்ய வேண்டியது வேறு. சின்னக் கிண்ணத்தில் ஒரு கரண்டி எடுத்து, கொதிநீர்ப் பாத்திரத்தில் மிதக்கவிட்டுச் சூடாக்கி முகர வேண்டும். ஆறிய எண்ணெயில் ஒளிந்திருக்கும் வாடை சூட்டில் எழும்பும். பிறகு விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்து, விழுங்காமல், பத்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டும். சவுக்காரச் சுவையும் கரகரப்பும் பின்னால்தான் வரும், உடனே துப்பினால் தப்பிவிடும். சட்டியில் சூடேற்றும்போது படபடவென்று தெறித்தால் அதில் தண்ணீர் இருக்கிறது. வழக்கமான தீயில் முன்னதாகப் புகைந்தால் அமிலம் இருக்கிறது.

சமையலறையில் எந்நேரமும் இருப்பவரின் மூக்கு மெல்ல மெல்லக் கெட்ட வாடைக்குப் பழகிவிடும். ஆகவே வெளியிலிருந்து வந்த ஒருவரிடம் முகரக் கொடுப்பது நல்லது. அந்த வீட்டில் சூரியகாந்தியின் பெயின்ட் வாடையை முதலில் சொன்னது பக்கத்து வீட்டுச் சிறுமி.

கெட்டதைச் சரிசெய்ய வழி உண்டா என்று பெரியம்மை திரும்பத் திரும்பக் கேட்டார். கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சினால் வாடை கொஞ்சம் போகும், அமிலம் போகாது. சுத்திகரிப்பு ஆலையில் காரம் சேர்த்து அமிலத்தை நீக்குகிறார்கள், அது வீட்டில் ஆகாத காரியம். பூசணக் கொப்பரையிலிருந்து வந்த எண்ணெயை எப்படிக் காய்ச்சினாலும் சாப்பிட நான் சம்மதிக்க மாட்டேன். சமையலுக்கு ஆகாவிட்டாலும் சவுக்காரத்துக்கு ஆகும், லாரிக் அமிலம் நன்றாக நுரைக்கும். துணிச் சோப்புச் செய்யும் மகளிர் குழு ஒன்று ஊரில் இருக்கிறது. காஸ்டிக் சோடாவைக் கையாளத் தெரிந்தவர்கள். கேனோடு அவர்களிடம் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு செய்தது

அண்ணன் அடுத்த ஆட்டலைப் பங்குனிக்கு மாற்றினார். தேங்காயை உடைத்ததும் ஒரு கிலோ பருப்பைத் தனியாக நிறுத்து, அதே தட்டில் குறிபோட்டுக் காயவைத்தார். அது 530 கிராமுக்கு இறங்கும் வரை சாக்குக்கு எதுவும் போகவில்லை. இரவில் தார்ப்பாயை நேரடியாகப் போர்த்தாமல், கம்பு நட்டு, பக்கங்களில் காற்று புகும்படி பந்தலாகக் கட்டினார். பூசணம் கண்ட முறிகளைச் சுரண்டிச் சேர்க்காமல் அப்படியே எடுத்து எரித்தார். இதில் சிக்கனம் பார்த்தால் முழுச் சாக்கும் போகும்.

ஆட்டிய எண்ணெய் வெயிலில் தெளிந்த பிறகு, மண்டி அசையாமல் மேலிருந்து இறுத்து, இரண்டு பரணிகளிலும் மீதியைச் சின்னச் சின்ன எவர்சில்வர் தூக்குகளிலும் விளிம்பு வரை ஊற்றி மூடினார்கள். ஒரு பெரிய கேனைத் தினமும் திறப்பதற்குப் பதிலாக, ஒரு தூக்கு தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறப்பது. பித்தளைத் தூக்கு ஒன்று இருந்தது, ஈயம் தேய்ந்துபோனது. அதை ஒதுக்கச் சொன்னேன். செம்பும் இரும்பும் எண்ணெயைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஆக்சிஜனேற்றம் வேகமாகும். அடுக்களைக்குப் பின்னால் உள்ள சாய்ப்பில், அடுப்புச் சூடு எட்டாத இருட்டு மூலை இப்போது எண்ணெய்க்கு. காலியான பாத்திரத்தைக் கழுவினால் வெயிலில் கவிழ்த்து, உள்ளே துணியால் துடைத்து, மறுநாள்தான் நிரப்புகிறார்கள். பழைய மிச்சத்தின் மேல் புதியதை ஊற்றும் பழக்கம் நின்றது. சூரியகாந்தியை அரை லிட்டர் பாக்கெட்டாக வாங்குகிறார்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் கொட்டுவதில்லை.

பங்குனி எண்ணெயை மாதங்கள் கழித்து ஆய்வகத்தில் பார்த்தபோது அமிலம் வரம்புக்கு வெகு கீழே இருந்தது. அந்த ஆண்டு ஓணத்துக்கு வந்த திருவனந்தபுரத்துச் சொந்தக்காரர்களுக்கு அதில்தான் ஏத்தங்காய் சிப்ஸ் போட்டார்கள்.

மழைக்காலத் தேங்காய்க்கு இன்னும் முழு வழி பிறக்கவில்லை. காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் சிரட்டையை எரித்துக் கொப்பரை காயவைக்கும் உலர்த்திகளை வடிவமைத்திருக்கிறது. ஒரு வீட்டுக்கு அது பெரிது, நாலைந்து வீடு சேர்ந்தால் கட்டுப்படியாகும். அண்ணன் தோட்டத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறார். அதுவரை ஆனி முதல் கார்த்திகை வரை விழும் காய்களில் கறிக்குப் போக மீதியை உரிக்காமல் சாய்ப்பில் அடுக்கிவைத்து, மழை விட்ட பிறகு உடைக்கிறார்கள். குலுக்கினால் தண்ணீர்ச் சத்தம் கேட்காத காயும் முளைவிட்ட காயும் கொப்பரைக்குச் சேர்வதில்லை.